குப்புறப் படுக்கிறவன்

என் தங்கை பரியத்துக்குக் கல்யாணமான முதல் வாரம், புகுந்த வீடு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. அவருதான் எப்பப் பாரு குப்புறவே படுக்குறாரு. முதுகைப் பாத்துட்டேதான் தூங்க வேண்டியிருக்கு."

எங்கள் ஊர் ஹசாவ்யுர்த்தில் இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே ஆண்களில் பாதிப் பேர் குப்புறத்தான் படுப்பார்கள். எல்லாரும் மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்து காது கசங்கிப்போனவர்கள். மல்யுத்தத்தில் இரண்டு தோளும் ஒரே நேரத்தில் மெத்தையைத் தொட்டால் கதை முடிந்தது. புள்ளியில் எவ்வளவு முந்தியிருந்தாலும் சரி, எழுந்து கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் கீழே விழுகிற பிள்ளை அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பி வயிற்றின் மேல் விழப் பழகிவிடும். சின்ன வயதில் வந்த பழக்கம் சாகும்வரை போகாது. எனக்கே போகவில்லை. நானும் எழுபத்துநாலு கிலோப் பிரிவில் கொஞ்ச காலம் இறங்கியவன்தான். இப்போது டயர் கடை வைத்திருக்கிறேன். இப்போதைய எடையைக் கேட்காதீர்கள்.

ஆனால் என் மாப்பிள்ளை இஸ்ராபில் எங்கள் எல்லாரையும்விட ஒரு படி மேலே. காரணம் அவனுடைய அப்பா கெபேத். பழைய பஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிற மல்யுத்தக் கூடம் அவருடையது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு யாருடைய இரண்டு தோளும் மெத்தையைத் தொட்டதோ, அவன்தான் சாயங்காலம் கூடத்தைப் பெருக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் தப்பிக்க முடியாது. மற்ற பையன்கள் பெருக்கும்போது கெபேத் மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தன் மகன் பெருக்கினால் மட்டும் மூலையில் நின்று கடைசித் தூசி போகும்வரை பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தே இஸ்ராபில் பெரிய மல்லனானான் என்று நான் சொல்வேன். மீசை முளைத்த பிறகு அவன் கையில் யாரும் துடைப்பத்தைப் பார்த்ததில்லை.

இளையோர் பட்டம் வாங்கினான். ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வாங்கினான். அதற்கு மேல் போக முடியவில்லை. அவனுடைய கனரகப் பிரிவில் எங்கள் குடியரசிலேயே அவனுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். எங்கள் ஊரில் நாலாவது ஆள் என்றால் வேறு எந்த நாட்டிலும் முதல் ஆள். சிலர் அப்படிக் கொடியை மாற்றிக்கொண்டு போயும்விட்டார்கள். இவன் போகவில்லை. "அப்பா முன்னாடி வேற கொடியோட எப்படி மச்சான் போய் நிக்கிறது?" என்றான். முப்பதை நெருங்கியபோது மல்யுத்தக் காலணியைக் கழற்றிவிட்டுக் கூண்டுச் சண்டைக்குப் போனான். குத்து, உதை, மல்லுக்கட்டு, கழுத்தை நெரிப்பது எல்லாம் செல்லும் சண்டை. கெபேத் மாமா தடுக்கவில்லை. "மாட்டுச் சண்டை" என்று மட்டும் சொன்னார்.

மூலையில் நின்று கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றான். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் இல்லை. என் தொண்டை அப்படி.

முதல் இரண்டு வருஷம் ஜோராகப் போனது. எதிரி ஒரு குத்து விடுவான். இவன் குனிந்து காலை வாரித் தூக்கிப் போடுவான். பிறகு மேலே உட்கார்ந்து சாவகாசமாகக் குத்துவான். நூற்றுப் பதினெட்டுக் கிலோ நெஞ்சின் மேல் உட்கார்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? பஜாரில் நடந்தால் இறைச்சிக் கடைக்காரர்கள் வலியக் கூப்பிட்டு நல்ல துண்டாகக் கொடுத்தார்கள். நானும் கூடவே நடந்தேன், எனக்கும் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் கால் வழுக்கி இவன் கீழே விழுந்தான், எதிரி மேலே வந்தான். உடனே இவன் என்ன செய்தான்? பிறந்ததிலிருந்து செய்ததையே செய்தான். குப்புறத் திரும்பிக்கொண்டான். மல்யுத்தத்தில் அது தப்பிக்கும் வழி. கூண்டுக்குள் அது கழுத்தை நீட்டிக் கொடுப்பது. எதிரி முதுகில் ஏறினான், கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டான், நெரித்தான். அவ்வளவுதான்.

ஒரு தடவை ஆனால் தவறு என்று விடலாம். அடுத்த சண்டையிலும் அதே. ஊர் உலகத்துக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. இவனை எப்படியாவது கீழே தள்ளினால் போதும், மீதியை இவனே பார்த்துக்கொள்வான் என்று. மூன்றாவது தடவை அதே மாதிரி திரும்பியபோது எதிரியின் மொத்த எடையும் மேலே விழுந்து தோள்பட்டை எலும்பும் முறிந்தது. மருத்துவமனையில் கட்டோடு படுத்திருந்தவனைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இல்லை, பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா திரும்புன? எத்தன தடவ சொன்னேன், மல்லாந்து கிட, கையால அணை, நேரத்தக் கடத்துன்னு?"

"நான் திரும்பல மச்சான். உடம்பு திரும்பிருச்சு."

"உடம்பு உன்னுதா, பக்கத்து வீட்டுக்காரனுதா?"

நல்லவன்தான். திட்டினால் கோபித்துக்கொள்ளவும் மாட்டான், அதனால் திட்டுகிறவனுக்கும் திருப்தி இருக்காது. பஜாரில் இறைச்சித் துண்டு நின்றது. 'குப்புறப் படுக்கிறவன்' என்று பேர் வந்தது.

கூண்டுச் சண்டை நடத்துகிற லீக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு சண்டை. தோற்றால் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியது. வேறு வழி என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒன்றுதான், வடக்கே போவது. சுர்குத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் வேலை பார்க்கிற, கெபேத் மாமாவின் தம்பி தாகிர் சித்தப்பா இஸ்ராபிலுக்கும் ஒரு இடம் பேசி வைத்தார். சண்டை முடிந்த மறுவாரமே வந்து சேர வேண்டும் என்றார். அங்கே போனவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்து அழும்.

பரியத்துக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. உமுகுசும் என்று பேர், உமு என்று கூப்பிடுவோம். என் தங்கை அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்து, கம்பளிக் கையுறை, காலுறை, உள்சட்டை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, நடைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதை ஒதுக்கி வைக்கவும் விடமாட்டாள். போகும்போதும் வரும்போதும் அவள் காலில் அது இடிக்கும். "அண்ணே, அது அங்கதான் இருக்கணும். அதப் பாத்துட்டே அவரு சண்டைக்குப் போகட்டும்" என்றாள். என் தங்கைதானே!

எலும்பு கூடிவிட்டது என்று தெரிந்ததும், பயிற்சியை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்க ஒரு நாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரியத் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்காரு, ஆனா..." என்று என்னவோ சொல்ல வந்தாள். நான் எங்கே நின்று கேட்டேன்? கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

இஸ்ராபில் கம்பளத்தின் மேல் மல்லாந்து படுத்திருந்தான். இரண்டு தோளும் தரையில். நெஞ்சின் மேல் உமு குப்புறப் படுத்து, வாயைத் திறந்து, அவன் சட்டையில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு விரலால் அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

இதில் இரண்டு அதிசயம். அவன் மல்லாந்து கிடந்தது ஒன்று, பிள்ளையை நெஞ்சில் போட்டிருந்தது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கண்ணில் படும்படி தகப்பன் தன் பிள்ளையைத் தூக்க மாட்டான், கொஞ்ச மாட்டான். அது மரியாதைக் குறைவு. என் அப்பா என்னைத் தொட்டுத் தூக்கி நான் பார்த்ததில்லை. பெண்டாட்டியின் அண்ணன் முன்னால்கூட அது கூச்சமான காரியம். அவன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மச்சான்," என்று கிசுகிசுத்தான். "கத்திராதீங்க. இப்பத்தான் தூங்குனா."

"நீ மல்லாந்து படுத்திருக்க," என்றேன்.

"வயித்து வலி இவளுக்கு. தொட்டில்ல போட்டா வீல்னு கத்துறா. பரியத் மடியிலயும் இருக்க மாட்டேங்குறா. இங்க போட்டாத்தான் தூங்குறா. எனக்கும் தோள்ல கட்டு இருந்துச்சா, குப்புறப் படுக்க முடியல..."

"எத்தன நாளா நடக்குது இது?"

"கட்டுப் போட்டதுல இருந்து. தெனமும். திரும்புனா புள்ள முழிச்சுக்கும் மச்சான். அதனால திரும்புறதே இல்ல."

நானும், இரண்டு பயிற்சியாளர்களும், மூன்று தோல்வியும் சொல்லிக்கொடுக்க முடியாததை ஐந்து கிலோகூட இல்லாத இந்தக் குட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அப்போது வாசலில் பலமாக ஒரு இருமல். கெபேத் மாமா. கொஞ்ச மாதமாகவே அவர் தெருக்கதவிலேயே அப்படி இருமிக்கொண்டுதான் வருகிறார். சிகரெட்டைத் தொடாத மனிதருக்கு இது என்ன இருமல் என்று நான் நினைப்பதுண்டு. அந்த இருமல் காதில் விழுந்ததும் இஸ்ராபில் எழுந்த வேகத்தைக் கூண்டுக்குள்கூட நான் பார்த்ததில்லை. பிள்ளையை என் கையில் திணித்தான். மாமா உள்ளே வந்தபோது அவன் சுவரோரம் கைகட்டி நின்றான். உமு என் கையில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு, "பசிக்குதாக்கும்" என்று பொதுவாகச் சொன்னார். ஒரு தேநீர் குடித்தார். போய்விட்டார்.

"அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது மச்சான்," என்றான் இஸ்ராபில். "மல்லாந்து படுக்கிறதும் சரி, இதுவும் சரி. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறு என்ன செய்வது?

மாமாவின் கூடத்தில் அவர் கண்ணெதிரே மல்லாந்து பழக முடியாது. அதனால் என் டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் இரண்டு பழைய மெத்தைகளைப் போட்டோம். "படு" என்றேன். படுத்தான். நான் மேலே ஏறினேன். ஏறியதுதான் தெரியும், சட்டென்று குப்புறத் திரும்பிவிட்டான், நான் டயர் அடுக்கில் போய் விழுந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி திரும்பினான். டயர்கள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"உன் பொண்ணு ஏறுனா மட்டும் சும்மா கிடக்க?"

"நீங்க என் பொண்ணு மாதிரியா மச்சான் இருக்கீங்க?"

எனக்கு ஆத்திரம். மறுபடி ஏறி, அவன் இடது தோள் தரையிலிருந்து கிளம்பியது தெரிந்ததுமே அவன் காதுக்குள் கத்தினேன். "திரும்பாத! புள்ள முழிச்சுக்கும்!"

தோள் அப்படியே தரைக்குப் போனது. இரண்டு தோளும். நான் அசையவில்லை, அவனும் அசையவில்லை. அவன் கை மட்டும் மெதுவாக எழுந்து என் முதுகில் தட்ட ஆரம்பித்தது. கூண்டுச் சண்டையில் எதிராளியைத் தட்டினால் தோற்றுவிட்டேன், விட்டுவிடு என்று பொருள். பழக்க தோஷத்தில் நான் பிடியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஏன்டா விட்டுக்கொடுத்த?"

"நான் எங்க விட்டுக்கொடுத்தேன்? தூங்க வைச்சேன்."

"நாசமாப் போச்சு! நடுவர் பாத்தா சண்டைய முடிச்சிருவான்டா! கைய எங்கயாவது கோத்துக்கோ. உன் மணிக்கட்டையே புடிச்சுக்கோ."

இப்படியாகப் பழகினோம். நான் மேலே, அவன் கீழே. மூச்சு முட்ட அழுத்துவேன், விலாவில் குத்துவேன், தோள் கிளம்பினால் அந்த மந்திரத்தைச் சொல்வேன். நாளாக ஆக மந்திரம் குறைந்தது. கொட்டகையில் கிடந்தான் மனுஷன், ஆற்றில் கிடக்கிற பாறை மாதிரி. ஆனாலும் எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. கொட்டகை வேறு, கூண்டு வேறு. கொட்டகையில் அவன் அப்பா இல்லை.

கூண்டுக்கும் அவர் வந்ததில்லை. முந்தைய சண்டைகள் எல்லாம் வெளியூரில் நடந்தன. இது மகச்கலாவில், கூப்பிடு தூரம். சண்டையன்று காலையில் என் வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது, மாமா நல்ல கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. முன் சீட்டிலிருந்த இஸ்ராபில் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான்.

பரியத் வாசல்வரை வந்தாள். எங்கள் பெண்கள் சண்டை பார்ப்பதில்லை. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு, மாவு பிசைந்து ஹின்கால் கொழுக்கட்டை பண்ணிக்கொண்டிருப்பார்கள், போன் வரும்வரை. "அண்ணே, முதல் போன் எனக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெட்டி நின்றது.

எதிராளி எவெரால்டோ என்று ஒரு பிரேசில்காரன். இஸ்ராபிலைவிட ஒரு சாண் உயரம். கழுத்தை நெரிப்பதில் பேர் வாங்கியவன். எடை பார்த்தபோதே இவனைப் பார்த்துக் கையால் ஒரு கரணம் போட்டுக் காட்டிச் சிரித்தான். திரும்புவாயல்லவா என்று கேலி. இஸ்ராபிலும் சிரித்துத் தொலைத்தான். அவனுக்குக் கேலி புரிந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. கெபேத் மாமா முதல் வரிசையில், எங்கள் மூலைக்கு நேர் எதிரே, முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கூடத்தின் மூலையில் நின்று பார்த்த அதே பார்வை.

முதல் சுற்று இவனுடையது. குனிந்தான், வாரினான், போட்டான், மேலே உட்கார்ந்தான். அரங்கம் ஆடியது. எவெரால்டோ கீழே கிடந்தபடி இவன் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தான். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அவன் கெண்டைக்காலில் உதைக்க ஆரம்பித்தான். ஒன்று, மறுபடி ஒன்று. இஸ்ராபில் மறுபடி வாரப் போனபோது உதைபட்ட கால் மடங்கியது. இருவரும் சேர்ந்து சரிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் எவெரால்டோ மேலே, இவன் கீழே.

அரங்கத்தில் சத்தம் அடங்கிவிட்டது. எல்லாருக்கும் தெரியும் அடுத்து என்ன என்று. எவெரால்டோ குத்தக்கூட இல்லை. இவன் திரும்பட்டும், கழுத்து தானாக வரும் என்று ஒரு கையை வளைத்துத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இஸ்ராபிலின் கண் என் பக்கம் வரவில்லை. முதல் வரிசைக்குப் போனது. அப்பாவைப் பார்த்தான். அடுத்த நொடி அவன் இடது தோள் தரையிலிருந்து கிளம்பியது.

என் சத்தியம், அவன் மானம், மாமாவின் மரியாதை, எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நடைக் கதவோரம் நின்ற பெட்டிதான் கண்ணில் நின்றது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடவுள் எனக்குக் கொடுத்த தொண்டை மொத்தத்தையும் திறந்து கத்தினேன்.

"மாப்ளே! திரும்பாத! புள்ள முழிச்சுக்கும்!"

எங்கள் அவார் மொழியில்தான் கத்தினேன். பிரேசில்காரனுக்குப் புரியவில்லை. மற்றபடி அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. மூலையில் ஒருவன் சிரித்தான், அது பரவியது. மாமாவின் தொப்பி மெதுவாக என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தோள் கீழே போனது. இரண்டு தோளும் தரையில் பட, அப்பாவுக்கும் ஊருக்கும் முன்னால், இஸ்ராபில் மல்லாந்து படுத்தான். எவெரால்டோவின் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் வலது உள்ளங்கை அந்த முதுகுக்கு மேலே எழுந்தது. தட்டப் போகிறான்! நடுவர் வேறு குனிகிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்று, மடங்கி, தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. போன உயிர் வந்தது.

எவெரால்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை விடுவிக்க இழுத்தான், முடியவில்லை. விலாவில் குத்தினான், தோளை அழுத்தினான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தான். கீழே இருந்தவன் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தான். தினமும் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து பழகியவனுக்கு இது ஒரு நேரமா? குத்து ஒவ்வொன்றாக வலுவிழந்தது. சுற்று முடிகிற மணி அடித்தபோது மேலே இருந்தவன்தான் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு தள்ளாடி எழுந்தான்.

முக்காலியில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா கிளம்பிட்டாரா?"

"இருக்காரு. நீ முன்னாடி பாரு."

"எல்லாருக்கும் கேட்டுருச்சு மச்சான்."

"கேக்கட்டும். சண்டைய முடி. அப்புறம் வந்து என்னைக் கொல்லு."

மூன்றாவது சுற்றைச் சொல்ல ஒன்றும் இல்லை. பிரேசில்காரனின் கைகள் ஈரத் துணி மாதிரி தொங்கின. இஸ்ராபில் அவனைத் தூக்கிக் கீழே போட்டு, மணி அடிக்கும்வரை மேலேயே இருந்தான். கீழே விழுவதைப் பற்றிய பயம் போய்விட்டால் ஒரு மனுஷன் எவ்வளவு நிதானமாகச் சண்டை போடுகிறான்! புள்ளி போடுகிற மூன்று நடுவர்களும் வெற்றியை இவனுக்கே கொடுத்தார்கள். நடுவர் இவன் கையைத் தூக்கியபோது நான் சிறுபிள்ளை மாதிரி அழுதேன். வெட்கமில்லை. லீக்காரர் வந்து கைகொடுத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக அங்கேயே சொன்னார். வெளியே வந்து பரியத்துக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெயிச்சுட்டான்."

அந்தப் பக்கம் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"கேக்குதா? ஜெயிச்சுட்டான்டி!"

"பெட்டியப் பிரிச்சுரவா அண்ணே?"

"பிரி. எல்லாத்தையும் எடுத்து அலமாரில வை."

அப்போதுதான் அவள் அழுதாள்.

ஊர் திரும்பும்வரை வண்டியில் மாமா வாயைத் திறக்கவில்லை. வெற்றி பெற்ற வண்டி மாதிரியே இல்லை. இஸ்ராபில் முன் சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஊர் எல்லையில் ஆட்கள் காரை மறித்துக் கொண்டாடினார்கள். மாமா இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தனியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். முற்றத்தில் ஆடு உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் ஹின்கால் வெந்துகொண்டிருந்தது, பூண்டு வாசனை தெருவரை அடித்தது. நடையில் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் பரியத் என் செருப்பைக் கழற்றிப் போடச் சொன்னாள். அவள் முகத்தை அப்படித் தெளிவாகப் பார்த்து ரொம்ப காலமாகிவிட்டது.

உள்ளே இஸ்ராபில் ஒரு கண் வீங்கி, விலாவில் கட்டோடு, கம்பளத்தில் மல்லாந்து படுத்திருந்தான். நெஞ்சில் உமு. நேற்று முழுக்க அப்பாவைக் காணாமல் அழுதே தீர்த்தவள், இப்போதுதான் கண் அசந்திருந்தாள்.

"விலா வலிக்கலையாடா?"

"உயிர் போகுது. பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். அப்போது தெருக்கதவில் இருமல் கேட்டது.

இஸ்ராபில் விறைத்தான். பிள்ளையை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவன் இடது தோள் ஒரு விரற்கடை கிளம்பியது. உமு தூக்கத்தில் சிணுங்கினாள். அவன் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு தோளை மறுபடி தரையில் வைத்தான். நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது முறை இருமல், முன்பைவிடப் பலமாக. அவகாசம் கொடுக்கிறார்! அந்த இருமல் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமும் இந்த மனிதர் தெருக்கதவிலேயே நின்று, மகன் பிள்ளையைக் கீழே இறக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். அவருக்கு எப்போதோ தெரியும்.

கதவு திறந்தது. கெபேத் மாமா வாசற்படியில் நின்றார். மகன் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் எழுந்து நின்றேன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். மாமா கூரையைப் பார்க்கவில்லை. நேராகக் கம்பளத்தையே பார்த்தார்.

"நேத்தும் ரெண்டு தோளும் கீழ," என்றார் மெதுவாக. "இன்னைக்கும் ரெண்டு தோளும் கீழ."

"ஆமாப்பா," என்றான் இஸ்ராபில்.

"விலா சரியானதும் வந்து கூடத்தப் பெருக்கிட்டுப் போ."

"சரிப்பா."

மாமா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குனிந்து, ஒரு விரலால், பேத்தியின் தலையைத் தொட்டார். நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டார். அந்த நேரம் பார்த்து அவர் கோட்டுப் பையில் போன் அலறியது. உமு முகத்தைச் சுளித்தாள். மாமா அவசரமாக எடுத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கிசுகிசுவென்று பேசினார்.

"மெதுவாப் பேசுடா தாகிர்... அதெல்லாம் தெரியும், எடம் காத்திருக்குன்னு... இல்ல, அவன் சுர்குத்துக்கு வரல. எப்படி வருவான்? எந்திரிக்கவே முடியல, மல்லாந்து கிடக்கான். மேல ஒரு ஆள் ஏறிப் படுத்திருக்கு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உமுவைப் பார்த்தபடியே சொன்னார். "ஆமாடா. ரொம்பக் கனமான ஆளுதான்."